இறக்கு என்று சொல்ல வேண்டியவர்

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் பீரோவைத் தூக்குவது ஒரு வேலையே அல்ல. ஆள் சேர்ந்தால் யானையைக்கூடத் தூக்கிவிடலாம். அதைப் படி வழியாக இறக்குவதுதான் வேலை. படியில் நாலு பேர் நிற்க இடம் கிடையாது. மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் பீரோ. பாரத்தில் முக்கால்வாசி கீழே நிற்பவன் தலையில்தான் விடியும். அவனுக்கு மூக்குக்கு முன்னால் தகரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. வாயைத் திறந்தால் மூச்சு போகும், மூச்சு போனால் பிடி போகும். அதனால் கீழ் ஆள் பேசக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். திருப்பு, நில்லு, இறக்கு எல்லாம் மேல் ஆள்தான் சொல்ல வேண்டும். கை மரத்துப் போனாலும் கீழ் ஆள் 'இறக்கு' என்று சொல்ல மாட்டான். மேலே இருப்பவர் பார்த்துச் சொல்லுவார் என்று நம்பிக்கொண்டு நிற்பான்.

லாரிக்காரர் எப்போதும் மேல் ஆள். அவர் மனைவியின் தம்பி நெட்டை எப்போதும் கீழ் ஆள். உயரமானவன் கீழே நின்றால் பாரம் சாயாமல் வரும் என்பது உண்மைதான். அதைச் சொல்லித்தான் லாரிக்காரர் முதல் நாள் அவனைக் கீழே நிறுத்தினார். மேலே நிற்பது சொகுசு என்பதும் உண்மைதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முதல் நாள் நின்ற இடமே இருவருக்கும் நிலைத்துவிட்டது. வருஷங்கள் ஓடி, நெட்டைக்குக் கன்னத்தில் நரை எட்டிப் பார்த்தபோதும் ஒருநாள்கூட இடம் மாறிக்கொண்டதில்லை.

நெட்டை வலி என்று சொல்லி லாரிக்காரர் கேட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். பீரோவுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தால் அவனுடைய காதுகள் தெரியும். அளவுக்கு மீறிக் கனத்தால் முகம் அப்படியே இருக்கும், சிரித்தபடிகூட இருக்கும். காது மட்டும் குப்பென்று சிவந்துவிடும். அதைப் பார்த்துத்தான் லாரிக்காரர் 'இறக்கு' என்பார். சில நாள் உடனே சொல்லுவார். இன்னும் பத்துப் படிதானே என்று தோன்றுகிற நாளில், தரைக்கு வந்த பிறகு சொல்லுவார்.

அந்தப் பத்துப் பத்துப் படிகளெல்லாம் சேர்ந்துதான் நெட்டையின் வலது முட்டியில் உட்கார்ந்துகொண்டன.

முதலில் வீங்கியது. பிறகு மடக்க வரவில்லை. அக்காதான் காதைப் பிடித்து இழுக்காத குறையாக அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நெட்டைக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, அதையே சாக்காக வைத்துத் திரும்பி வந்துவிட்டேன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அக்கா வீட்டு மாடி அறைதான் அவனுக்கு வீடு. அதனால் அவன் முட்டியும் அக்காவின் பொறுப்பில்தான் இருந்தது.

எலும்பு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, முட்டிக்குள் ஓர் இடத்தைக் காட்டினார். குருத்தெலும்பு தேய்ந்து, அதற்கு அடியில் எலும்பும் கொஞ்சம் செத்துப்போயிருந்தது.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, செயற்கை மூட்டு. வச்சா நடக்கலாம், ஆனா பாரம் தூக்கறத மறந்துடணும். இந்த வயசுல வச்சா பின்னாடி ஒரு தடவை மாத்தவும் வேண்டி வரும். இன்னொண்ணு, உங்க இடுப்பெலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜைய எடுத்து, அதுல இருக்கிற ஸ்டெம் செல்லைப் பிரிச்சு, இந்த இடத்துல வைக்கிறது."

"அது என்ன பண்ணும் டாக்டர்?" என்றாள் அக்கா.

"அது இன்னும் என்னவா ஆகறதுன்னு முடிவு பண்ணாத செல். போய் உக்கார்ற இடத்துல எலும்பாவோ குருத்தெலும்பாவோ வளர உதவும்னு எதிர்பாக்கறோம்."

"எங்க அக்கா பையன் மாதிரி," என்றான் நெட்டை. "அவனும் இன்னும் என்னவா ஆகறதுன்னு முடிவு பண்ணல."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இது மந்திரம் இல்ல. சிலருக்கு நல்லா வருது, சிலருக்கு வர்றதில்ல. ஆனா ஒண்ணு, வச்ச பிறகு அதுமேல பாரம் ஏத்தக் கூடாது. ஊன்றுகோல்லதான் நடக்கணும். வலி மாத்திரை நீங்களா வாங்கிப் போடக் கூடாது. எப்போ காலை ஊனலாம், எப்போ ஊன்றுகோலை விடலாம்னு நமக்குச் சொல்லப் போறது வலிதான். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. வெக்கப்படாதீங்க."

கூட வந்திருந்த லாரிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இப்போது நினைத்தால் அந்தத் தலையைத்தான் அவருக்குப் பிய்த்துப் போடலாம் போல இருக்கிறது.

சிகிச்சை நாளன்று நெட்டையைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்புக்குள் இன்னொரு தடித்த ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். அது ஒரு சுற்றும் இயந்திரத்துக்குள் போய், பிரிந்து, கொஞ்சூண்டாகத் திரும்பி வந்தது. பிறகு முட்டியைத் துளைத்து, கெட்டுப்போன இடத்தைச் சுரண்டி, அதை உள்ளே வைத்தார்கள். வெளியே வந்த நெட்டை லாரிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"நம்ம தொழில்தான் மாமா. ஒரு எடத்துலேர்ந்து காலி பண்ணி இன்னொரு எடத்துல குடி வைக்கிறாங்க. ஆனா இவங்க ரொம்ப ஜாக்கிரதை. ஒரு கீறல் இல்ல."

அடுத்த ஆறு வாரம் அக்காவின் ராஜ்யம். மாடி அறையிலிருந்து அவனுடைய கட்டிலை லாரிக்காரரே இறக்கி முன்னறையில் போட்டார். தலை வலிக்கிறது என்று அவன் சொன்னால்கூட அக்கா மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். கால் தரையில் பட்டால் அடுப்படியிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும். ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி குளிக்கப் போவான். லாரிக்காரர் அவனை வாரம் ஒரு தடவை லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். முன் இருக்கையில் அவனை ஏற்றி உட்கார வைப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். அவனைப் போல ஒருவனைக் கீழே நிறுத்தி இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோமே என்று அப்போது அவருக்கு உண்மையாகவே தோன்றியது. அவர் கெட்டவர் இல்லை. மைத்துனன்மேல் உயிரையே வைத்திருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆறு வாரத்தில் எடுத்த படத்தில் அந்த இடம் நிரம்பிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். இனிமேல் பயிற்சி கொடுக்கும் பிசியோ சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஊன்றலாம் என்றார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் லாரிக்காரருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு காப்பீட்டுக் கம்பெனி தன் பழைய கட்டடத்தைக் காலி செய்தது. மூன்று மாடி, இரும்பு அலமாரிகள், தீப்பிடிக்காத பெட்டிகள். லிஃப்ட்டில் ஆள் போகலாமே தவிர அலமாரி போகாது. நெட்டை இல்லாமல் அவர் வேறு ஆட்களை வைத்துச் சின்னச் சின்ன வேலை செய்து பார்த்திருந்தார். ஒருவன் அலமாரியைச் சுவரில் தேய்த்தான். இன்னொருவன் பாதிப் படியில் 'அண்ணே, இறக்குங்க' என்று கத்திக் கையை விட்டான். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. கீழ் ஆள் என்றால் நெட்டைதான் என்று அவருக்கு அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. கம்பெனி மேனேஜரிடம் வாய் தவறவில்லை, வேண்டுமென்றேதான் சொன்னார்: "எங்க ஆளு இந்த மாசக் கடைசியில வந்துடுவான் சார்."

அந்த வாரம் பிசியோவைப் பார்க்கப் போனார்கள். பிசியோ சின்ன வயசுக்காரர். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். ஓர் உயரமில்லாத மரப்படியைப் போட்டு, நெட்டையை ஊன்றுகோல் இல்லாமல் வலது காலை அதன்மேல் வைத்து ஏறச் சொன்னார். நெட்டை ஏறினான்.

"அப்படியே அந்தக் கால்ல நில்லுங்க. வலி இருக்கா?"

நெட்டை கேட்டவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த லாரிக்காரரைப் பார்த்தான். முகம் சாதாரணமாக இருந்தது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. காது இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

லாரிக்காரருக்கு வாய் வரை வந்தது. 'சார், அவனுக்கு வலிக்குது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? ஆனால் சட்டைப் பையில் கைபேசி இருந்தது. அதில் அன்று காலைதான் மேனேஜர் கூப்பிட்டுத் தேதியை உறுதி செய்திருந்தார். லாரிக்காரர் மனசுக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டார். கேட்கிறவர் படித்தவர். பதில் சொல்லப் போகிறவன் கழுதை வயசானவன். வலிப்பது அவன் கால். நடுவில் நான் யார் மூக்கை நுழைக்க? இப்படி ஒரு நியாயம் கிடைத்துவிட்டால் மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அவர் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தார். அந்த வார் சரியாகத்தான் இருந்தது.

"சொல்லுங்க, வலி?" என்றார் பிசியோ மறுபடி.

"இல்ல சார்," என்றான் நெட்டை.

அடுத்த வாரமும் அதே மரப்படி, அதே கேள்வி. அதே மாதிரி அவன் திரும்பி லாரிக்காரரைப் பார்த்தான். அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தில் ஏதோ புதையலைத் தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல சார்," என்றான். ஊன்றுகோலை விட்டுவிடலாம், ஆனால் பாரம் மட்டும் இப்போதைக்குக் கூடவே கூடாது என்று பிசியோ சொல்லி அனுப்பினார்.

காப்பீட்டுக் கம்பெனிக்கு அவனைச் சும்மா நின்று ஆட்களுக்கு வழி சொல்லத்தான் லாரிக்காரர் கூட்டிப் போனார். அக்காவிடமும் அப்படித்தான் சொன்னார். அவள் வாசல் வரை வந்து, "ஏங்க, ஒரு நாற்காலி போட்டு அவன உக்கார வைங்க, என்ன?" என்றாள். நாற்காலி போட்டார். மத்தியானம் வரை அவன் அதில் உட்கார்ந்துதான் இருந்தான். கடைசியாக ஓர் அலமாரி மட்டும் இரண்டாம் மாடி வளைவில் மாட்டிக்கொண்டது. கீழே நின்ற ஆளுக்குக் கை நடுங்கியது. லாரிக்காரர் மேலே நின்றபடி யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய தேவையும் இல்லை. நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அலமாரியின் ஓரத்தில் அவனுடைய தலை வந்து நின்றது.

"விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்," என்று அந்த ஆளை விலக்கிவிட்டுத் தோளைக் கொடுத்தான்.

அலமாரி நகர்ந்தது. காது சிவந்தது. லாரிக்காரர் பார்த்தார். இன்னும் ஒரு வளைவுதானே என்று நினைத்தார். தரைக்கு வந்த பிறகு, "இறக்கு," என்றார்.

அன்று சாயங்காலம் முட்டி தலையணை மாதிரி வீங்கியது. காப்பீட்டுக் கம்பெனி மேனேஜர் கைகுலுக்கிப் பாராட்டிய அதே நாள். வீக்கம் வற்றும் என்று சில நாள் பார்த்தார்கள். வற்றவில்லை. அக்கா கேட்டதற்கு, குளிக்கும்போது கால் மடங்கிவிட்டது என்று நெட்டை சொன்னான். லாரிக்காரர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு இருவர் மட்டும் போனார்கள். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். படம் படிக்கத் தெரியாத லாரிக்காரருக்கே தெரிந்தது. நிரம்பிக்கொண்டு வந்த இடம் அமுங்கிப் பள்ளமாகியிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் நீங்க வலி இல்லன்னு சொன்னதா பிசியோ எழுதியிருக்கார். நிஜமாவே இல்லையா?"

நெட்டை தரையைப் பார்த்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் ஒரு மாசம் ஊன்றுகோல்லயே வச்சிருப்பேன். அப்படியும் முழுசா கூடி வந்திருக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நல்லா வந்துட்டிருந்தது." டாக்டரம்மாவின் குரலில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது.

"இன்னொரு தடவை வைக்க முடியாதா டாக்டர்?" லாரிக்காரரின் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எலும்போட மேல்தளமே உள்வாங்கிடுச்சு. அந்த செல் உக்கார ஒரு இடம் வேணுமில்லையா? இனிமே செயற்கை மூட்டுதான். நடக்கலாம். பாரம் கிடையாது."

இருவரும் லாரியில் திரும்பினார்கள். டாக்டரம்மா சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் லாரிக்காரர் பிடித்துக்கொண்டு தொங்கினார்: அப்படியும் கூடி வந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதைத் திரும்பத் திரும்ப மனசில் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. ஒரு சிக்னலில் நின்றபோது, குற்றத்தை அவன்மேல் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மனிதப் புத்தி அப்படித்தான் போகும்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா மாப்ள."

நெட்டை கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடியே சொன்னான். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் மாமா."

அவன் குறையாகச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குக் காரணம் சொன்னான், அவ்வளவுதான். "எனக்கு எது வலி, எது தாங்கலாம்னு தெரியாது. நீங்கதான எப்பவும் சொல்லுவீங்க. நீங்க பேசாம இருந்தீங்க. அப்ப, தாங்கற வலிதான் போலன்னு நெனச்சேன்."

சிக்னல் பச்சையானது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. லாரிக்காரருக்கு கியர் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். இதற்கு என்ன சொல்வது? எலும்பு டாக்டர், பிசியோ, இயந்திரம், படம் என்று இத்தனை பேர் இருந்த இடத்திலும் அவன் நம்பியது இவர் ஒருவரைத்தான்.

"மாமா, பச்சை விழுந்துடுச்சு," என்றான் நெட்டை மெதுவாக.

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவன் இறங்கிய விதத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முன்னறைக் கட்டிலில் அவனை உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். டாக்டரம்மா சொன்னதையும் அன்றைக்கு அலமாரிக்குத் தோள் கொடுத்ததையும் நெட்டையே சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு லாரிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அவன் மூஞ்சியப் பாத்தாலே உங்களுக்குத் தெரிஞ்சுடுமே. வாரா வாரம் நீங்கதான கூடப் போனீங்க. ஒரு நாள்கூடவா தெரியல?"

சொல்லிவிடலாம் என்றுதான் லாரிக்காரர் வாயைத் திறந்தார். தெரிந்தது, பார்த்தேன், குனிந்துகொண்டேன் என்று மூன்றே வார்த்தை. அவை நாக்கு நுனியில்தான் இருந்தன.

"மாமாவுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான் நெட்டை. "நான்தான் சிரிச்சு சிரிச்சு மறைச்சேன். அலமாரிய தொடாதன்னுகூட சொன்னார். நான்தான் கேக்கல."

அவன் லாரிக்காரரைப் பார்க்காமலே சொன்னான். அக்கா நம்பிவிட்டாள். கூடப் பிறந்தவன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியாதா? வந்த ஆத்திரமெல்லாம் அவன்மேல் திரும்பியது. திமிர் பிடித்தவனே என்றாள். உனக்காகக் கோயில் குளமென்று வேண்டாத சாமி இல்லையே என்றாள். நாளைக்கு நான் கண்ணை மூடிவிட்டால் உன்னை யார் பார்ப்பார்கள் என்று அழுதாள். நெட்டை எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய நீண்ட கை கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

இப்போதாவது சொல்லலாம், அவள் மூச்சு வாங்கும்போது சொல்லலாம் என்று லாரிக்காரர் காத்திருந்தார். அவள் மூச்சு வாங்கினாள். அவர் சொல்லவில்லை.

அழுது ஓய்ந்து உள்ளே போனவள் தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பியிடம் நீட்டவில்லை. நேராகக் கணவரிடம் வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சாப்பிடுங்க. இவனுக்காக எவ்வளவு அலைஞ்சீங்க. கூடப் பிறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க."

லாரிக்காரர் கை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார்.